வி.ஆர். ஹெட்செட்டில் ஹால் ஏன் சின்னதாகத் தெரிகிறது? அளவு சரியாகத்தான் இருக்கிறது

#1 மனையடி

வணக்கம். ஈரோட்டில் வீட்டு பிளானும் 3டியும் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம் நடத்துகிறேன். இரண்டு வருடமாக, பிளான் முடிந்ததும் வீட்டுக்காரருக்கு வி.ஆர். (மெய்நிகர் உலகம் காட்டும்) ஹெட்செட் மாட்டிவிட்டு, இன்னும் கட்டாத வீட்டுக்குள் ஒரு சுற்று காட்டிய பிறகுதான் வேலையை ஆரம்பிக்கிறோம். பேப்பரில் பிளான் படிக்கத் தெரியாதவர்களுக்கு இது பெரிய உதவி என்று நம்பித்தான் தொடங்கினேன், இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. போன வருடம் ஒரு வீடு. ஹால் 20 அடிக்கு 14, பக்கத்தில் கிச்சன் 8 அடி அகலம். ஹெட்செட் போட்டுப் பார்த்தவர் "சார், இது 15 அடிகூட வராது போலிருக்கே, நாலு பேர் வந்தா எங்க உக்கார்றது" என்றார். மாடலில் அளந்து காட்டினேன், 20 அடி சரியாக இருக்கிறது. அவருக்கு மனசு ஆறவில்லை. கடைசியில் நடுச்சுவரை ஒன்றரை அடி கிச்சன் பக்கம் தள்ளினோம். வீடு முடிந்து பால் காய்ச்சினார்கள். ஹாலில் நின்றால் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. கிச்சனில் இரண்டு பக்கமும் 2 அடி மேடை போக நடுவில் இரண்டரை அடிதான், ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் எதிர் மேடையில் இடிக்கிறது. அந்த அம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கதவைத் திறந்து காட்டிவிட்டு மூடினார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் கவனித்துப் பார்க்கிறேன், பத்தில் ஏழெட்டுப் பேர் ஹெட்செட்டில் அறையைச் சின்னதாகத்தான் சொல்கிறார்கள். அளவில் பிழை இல்லை, யூனிட் பிழை இல்லை, இரண்டு மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். இது என் செட்டப்பில் உள்ள கோளாறா, இல்லை எல்லாருக்கும் இப்படித்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பிக்சல்பித்தன்

அண்ணா, முதல் சந்தேகம் ஹெட்செட் மேல்தான். எந்தக் காலத்து ஹெட்செட்? 2013-இல் வந்த ஆக்குலஸ் டெவலப்பர் கிட்டில் ஒரு கண்ணுக்கு 640க்கு 800 பிக்சல், கொசுவலைக்குள்ளிருந்து பார்ப்பது போல இருக்கும். 2016-இல் எச்டிசி வைவ் 1080க்கு 1200. குவெஸ்ட் 3-இல் 2064க்கு 2208. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். தரையில் டைல்ஸ் கோடு கூர்மையாகத் தெரிந்தால் மனுஷன் தானாகவே தூரத்தைக் கணக்குப் போட்டுவிடுவான். மங்கலாக இருந்தால் எப்படிப் போடுவான்? ஹெட்செட்டை மாற்றுங்கள், ரெண்டரையும், அதாவது கணினி வரையும் படத்தின் தரத்தையும், கொஞ்சம் தூக்குங்கள், நிழல் வெளிச்சமெல்லாம் நிஜம் போல வரட்டும். பாதிப் பிரச்சினை போய்விடும்.

#3 ஆய்வுக்கூடம்

மனையடி சார், உங்கள் செட்டப்பில் மட்டும் உள்ள கோளாறு இல்லை. நான் காட்சிப் புலனுணர்வு சம்பந்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இது எங்கள் துறையில் இருபது வருடத்துக்கு மேலாகப் பேசப்படும் விஷயம். ஹெட்செட்டுக்குள் ஆட்கள் தூரத்தைக் குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். 2013-இல் ரென்னரும் சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சராசரியாக நிஜத் தூரத்தில் 74 சதவீதம்தான் உணரப்படுகிறது என்று வந்தது. உங்கள் 20 அடியில் 74 சதவீதம் எவ்வளவு? பதினைந்துக்குக் கொஞ்சம் கீழே. உங்கள் வீட்டுக்காரர் கிட்டத்தட்ட அதையேதான் வாயால் சொல்லியிருக்கிறார்!

இதை எப்படி அளக்கிறார்கள் என்று சொல்கிறேன், நீங்களே செய்து பார்க்கலாம். ஒருவரை நிற்க வைத்து, தரையில் ஒரு குறியைக் காட்டுவார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, கண்ணைக் கட்டிவிட்டு, "அங்கே போய் நில்லுங்கள்" என்பார்கள். வெளியில், நிஜத் தரையில் இதைச் செய்தால் ஆட்கள் ஆச்சரியப்படும்படி துல்லியமாக நடப்பார்கள், 20 மீட்டர் வரைகூட ஏறக்குறையச் சரியான இடத்தில் போய் நிற்பார்கள். அதே ஆளுக்கு ஹெட்செட்டில் அதே தூரத்தைக் காட்டித் திரையை அணைத்துவிட்டு நடக்கச் சொன்னால், குறிக்கு முன்னாலேயே நின்றுவிடுவார்.

பிக்சல்பித்தன் சொன்ன ரெண்டர் விஷயத்தில் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை. யூட்டா பல்கலைக்கழகத்தில் தாம்சன் குழு 2004-இல் இதை நேராகவே சோதித்தது. ஒரே இடத்தை மூன்று விதமாகக் காட்டினார்கள்: நல்ல தரமான முழுச்சுற்றுப் புகைப்படம், சுமாரான கணினிப் படம், வெறும் கம்பிக்கூடு போன்ற கோட்டுப்படம். மூன்றிலும் தூரம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சுருங்கியது. புகைப்படமே காப்பாற்றவில்லை என்றால், சோபாவுக்கு நல்ல துணி டெக்ஸ்சர் போட்டு என்ன ஆகப்போகிறது?

#4 செங்கல்சூளை

நான் சிவில். எங்கப்பா மேஸ்திரி, நாற்பது வருடம் வேலை பார்த்தவர். இதைப் படித்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது.

மனையில் சுண்ணாம்புப் பொடி தூவி அறைகளுக்கு மார்க் பண்ணும்போது வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பதறுவார்கள். "என்ன மேஸ்திரி, பெட்ரூம் கோழிக்கூடு மாதிரி இருக்கு?" அப்பா சிரிக்க மாட்டார், விளக்கமும் சொல்ல மாட்டார். அந்த வெள்ளைக் கோட்டுக்குள் ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டு வந்து போடச் சொல்வார். அவரைப் படுக்கச் சொல்வார், தலைமாட்டில் ஒரு ஆளை நிற்க வைப்பார், கால்மாட்டில் ஒருவரை நடந்துபோகச் சொல்வார். அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சுவர் எழும்பினால் பெரிதாகத் தெரியும், பூச்சு முடிந்தால் இன்னும் பெரிதாகத் தெரியும் என்று எல்லா மேஸ்திரியும் சொல்வதுதான், ஆனால் வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை, கட்டில்தான் நம்ப வைக்கும்.

ஆக, வெறும் இடத்தைப் பார்த்து அளவு சொல்வது ஹெட்செட் இல்லாமலேயே கஷ்டம். உங்கள் மாடலில் சாமான் இருந்ததா, காலி அறையா?

#5 மனையடி

சாமான் இருந்தது. ஆனால் லைப்ரரியிலிருந்து எடுத்துப் போட்ட வெளிநாட்டு சோபா, கண்ணாடி டீப்பாய், அந்த மாதிரி. அவர் வாழ்க்கையில் உட்கார்ந்தே பார்க்காத சோபா. நீங்கள் சொல்வது உறைக்கிறது.

#6 பாவை

கண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். எல்லாரும் மாடலையும் ரெசல்யூஷனையும் பேசுகிறீர்கள், லென்ஸ் யாருடைய கண்ணுக்கு முன்னால் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே.

இரண்டு கண்பாவைக்கும் நடுவில் உள்ள தூரத்தை நாங்கள் பி.டி. என்போம். ஹெட்செட் மொழியில் ஐபிடி. பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர் வரும், ஆனால் 55-உம் பார்க்கலாம், 70-உம் பார்க்கலாம். பெண்களுக்குச் சராசரி ஆண்களைவிட ஓரிரு மில்லிமீட்டர் குறைவு. ஹெட்செட்டில் காட்ட, மாடலுக்குள் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு கற்பனைக் கேமரா வைத்துத்தான் உலகத்தை வரைகிறார்கள். அந்த இரண்டு கேமராவின் இடைவெளி உங்கள் கண் இடைவெளியைவிட அகலமாக இருந்தால் உலகம் குட்டியாகத் தெரியும், பொம்மை வீட்டை எட்டிப் பார்ப்பது மாதிரி. குறுகலாக இருந்தால் நேர் எதிர், எல்லாம் பெருத்துத் தெரியும். இது போக, லென்ஸின் நடுப்புள்ளி கண்பாவைக்கு நேராக இல்லாவிட்டால் படம் ஓரத்தில் வளையும், கலங்கும், தலைவலி வரும்.

ஹெட்செட்டுக்கு ஹெட்செட் இதில் ஏற்பாடு வேறு. ரிஃப்ட் எஸ்-இல் லென்ஸ் அசையவே அசையாது. குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 என்று மூன்றே நிலை. குவெஸ்ட் 3-இல் சக்கரத்தைத் திருகி நிதானமாக வைக்கலாம். பெண்களுக்கு வி.ஆரில் குமட்டல் அதிகம் என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். 2020-இல் ஸ்டானி குழு வெளியிட்ட ஆய்வில், ஹெட்செட்டின் இடைவெளி அவர்கள் கண்ணுக்குப் பொருந்தாததுதான் அதற்கு முக்கியக் காரணம் என்று வந்தது. எத்தனை பேரை "உங்களுக்கு ஒத்துக்கலை" என்று சொல்லி ஒதுக்கியிருப்பார்கள்! எனக்கு அதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

மனையடி அண்ணா, வருகிறவர்களுக்கு அந்தச் சக்கரத்தைத் திருகிக் கொடுக்கிறீர்களா? கண்ணாடி போட்டவர் வந்தால் என்ன செய்கிறீர்கள்?

#7 மனையடி

உண்மையைச் சொல்கிறேன். வாங்கிய அன்று என் கண்ணுக்கு வைத்தது, 67. அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. கண்ணாடி போட்டவர்களைக் கழற்றிவிட்டுப் பார்க்கச் சொல்லிவிடுவோம். அந்தக் கிச்சன் வீட்டு அம்மா கண்ணாடி போட்டவர். அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "நல்லா இருக்குங்க" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

#8 பாவை

கழற்றச் சொல்லாதீர்கள் அண்ணா. கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொள்ள இடம் கொடுக்கும் சட்டம் பெரும்பாலான ஹெட்செட்டில் உண்டு. லென்ஸ் கொஞ்சம் விலகுவதால் பார்வைப் புலம், அதாவது ஒரே பார்வையில் தெரியும் பரப்பு, கொஞ்சம் குறையும், பரவாயில்லை, மங்கலாகப் பார்ப்பதைவிட மேல். பி.டி. அளக்க ஒரு மில்லிமீட்டர் ஸ்கேல் போதும், பக்கத்துக் கண்ணாடிக் கடையில் கேட்டால் ஒரு நிமிடத்தில் அளந்து கொடுப்பார்கள். சிலருடைய கண்ணாடிச் சீட்டிலேயே எழுதியிருக்கும்.

#9 பிக்சல்பித்தன்

ரெண்டர் விஷயத்தில் ஆய்வுக்கூடம் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ரெண்டர் வேறு, திரையின் ரெசல்யூஷன் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி என் வாதத்தை மூடிவிடாதீர்கள்.

ஒரு கணக்கு போடுகிறேன். குவெஸ்ட் 3-இல் பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரிக்கு 25 பிக்சல் என்கிறார்கள். நல்ல பார்வைக்கு 60 வேண்டும். 25 என்றால் ஒரு பிக்சலே 2.4 கலை அகலம் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). இரண்டு கண்ணுக்கும் தெரியும் படத்தில் உள்ள சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் ஆழம் தெரிகிறது, இல்லையா? 63 மில்லிமீட்டர் கண் இடைவெளிக்கு, 10 மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு பொருளும் அதற்குப் பின்னால் ஒரு மீட்டரில் இருக்கும் இன்னொன்றும் இரண்டு கண்ணுக்கும் காட்டும் வித்தியாசம் ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். விளிம்பை மென்மையாக்கும் வித்தையெல்லாம் இருக்கிறது, அது கொஞ்சம் மீட்டுக் கொடுக்கும், ஆனாலும் நிஜக் கண்ணின் துல்லியம் இதைவிடப் பல மடங்கு. ஒரு ஹாலின் அந்தக் கோடியில் இருக்கும் அலமாரியும் அதற்குப் பின்னால் உள்ள சுவரும் ஒட்டிக்கொண்டது போலத் தெரிவதற்கு இது காரணமே இல்லை என்று சொல்ல முடியாது.

#10 ஆய்வுக்கூடம்

நியாயம். நான் அவசரப்பட்டு இரண்டையும் சேர்த்துவிட்டேன். அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கெல்லி 2022-இல் 61 வெளியீடுகளைத் தொகுத்து 20 ஹெட்செட்டுகளை ஒப்பிட்டார். பார்வைப் புலம் அகன்றால் தூரம் சரியாகத் தெரிகிறது, ரெசல்யூஷன் கூடினாலும் சரியாகத் தெரிகிறது, எடை கூடினால் கெடுகிறது என்று மூன்றும் வந்தது. பழையதைவிடப் புதிய ஹெட்செட்டுகளில் சுருக்கம் குறைவு. அதனால் உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது.

எடை என்பது நிறையப் பேருக்குப் புதிராக இருக்கும். படத்துக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்? யூட்டாவில் வில்லெம்சன் குழு ஒரு வேலை செய்தது: திரையே இல்லாத, பார்வைப் புலத்தையும் எடையையும் மட்டும் ஹெட்செட் போலவே வைத்த ஒரு போலிக் கூடு. அதை மாட்டிக்கொண்டு நிஜ உலகத்தைப் பார்த்துவிட்டு நடந்தாலே தூரம் கொஞ்சம் சுருங்கியது. அசல் ஹெட்செட் அளவுக்கு இல்லை, ஆனால் சுருங்கியது. பார்வைப் புலத்தை மட்டும் குறுக்கி, தலையைத் தாராளமாகத் திருப்ப விட்டால் அவ்வளவு பாதிப்பு இல்லை என்றும் தனி ஆய்வுகள் உண்டு. தலையைத் திருப்பித் திருப்பித் தரையைக் காலடியிலிருந்து சுவர் வரைக்கும் தொடர்ச்சியாகத் துழாவுகிறோமே, அது முக்கியம். முன்பக்கம் அரைக் கிலோ தொங்கினால் யாரும் அப்படித் துழாவ மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

சரி, மனையடி சார், நான் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர்கள் நின்றுகொண்டு பார்க்கிறார்களா, உட்கார்ந்துகொண்டா? மாடலுக்குள் கேமராவை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறீர்கள்?

#11 மனையடி

உட்கார்ந்துதான். ஆபீஸ் சின்னது, நடக்க இடமில்லை, தடுக்கி விழுந்துவிடுவார்கள் என்று சுழல் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவோம். கேமரா ஐந்தரை அடியில் நிலையாக இருக்கும், நிற்கிற ஆளின் கண் உயரம். இடம் மாற கையில் உள்ள கண்ட்ரோலரால் தரையைக் காட்டி டெலிபோர்ட், அதாவது காட்டிய இடத்துக்குச் சட்டென்று தாவுவது.

#12 ஆய்வுக்கூடம்

அப்படியானால் பெரிய காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தரையில் இருக்கும் ஒரு பொருள் எவ்வளவு தூரம் என்று கணிக்க மூளை வைத்திருக்கும் வழிகளில் வலுவான ஒன்று, அடிவானத்திலிருந்து அதைப் பார்க்கக் கண் எவ்வளவு கீழே இறங்குகிறது என்ற கோணம். ஊய், வூ, ஹே மூவரும் 2001-இல் நேச்சர் இதழில் இதைக் காட்டினார்கள், முப்பட்டகக் கண்ணாடி போட்டு அந்தக் கோணத்தை மாற்றியதும் ஆட்கள் தூரத்தையும் மாற்றிக் கணித்தார்கள். அந்தக் கோணத்தோடு மூளை சேர்த்துக்கொள்ளும் இன்னொரு எண், தன் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. அதைப் படத்திலிருந்து மட்டும் எடுப்பதில்லை. முதுகு, இடுப்பு, கால் எல்லாம் "நாம் உட்கார்ந்திருக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறதே. ஜெர்மனியில் டூபிங்கன் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் லைரர் குழு கேமரா உயரத்தை ஏற்றி இறக்கிப் பார்த்ததில், ஆட்கள் தங்கள் உடம்பின் கண் உயரத்தைப் பெரிதும் நம்புவது தெரிந்தது.

உங்கள் ஹாலுக்குக் கணக்குப் போடுவோம். கேமரா ஐந்தரை அடியில். எதிர்ச்சுவரின் அடிப்பாகம் 20 அடி தள்ளி. அதைப் பார்க்கக் கண் சுமார் 15 டிகிரி கீழே இறங்கும். நாற்காலியில் உட்கார்ந்த ஆளின் கண் நாலு அடி உயரத்தில். நாலு அடி உயரத்திலிருந்து அதே கோணத்தில் தெரியும் தரை எவ்வளவு தூரம்? பதினாலரை அடி. மூளை இந்த ஒரு குறிப்பை மட்டும் நம்புவதில்லை, அதனால் முழுசாகப் பதினாலரைக்கு இறங்காது. ஆனால் இழுப்பு அந்தப் பக்கம்தான்.

#13 மனையடி

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வீட்டுக்கு இப்படிக் காட்டியிருக்கிறேன்! டேப் பிடிக்கும்போது கால் அங்குலத்துக்குக் கத்துகிற ஆள் நான்.

#14 பாரந்தூக்கி

துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வீட்டு ஹாலுக்கும் எங்கள் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று தோன்றலாம், இருக்கிறது.

கப்பலில் கண்டெய்னர் எடுக்கும் கிரேனில் கேபின் தரையிலிருந்து 40 மீட்டருக்கும் மேலே இருக்கும். கேபினின் தரை கண்ணாடி. ஆபரேட்டர் முன்னால் குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே நேர் கீழே பார்த்துக்கொண்டே ஸ்ப்ரெட்டரை (கண்டெய்னரைப் பிடித்துத் தூக்கும் சட்டகம்) இறக்க வேண்டும். அவ்வளவு தூரத்தில் இரண்டு கண்ணால் தெரியும் ஆழம் ரொம்பச் சொற்பம். தூரம் இரட்டிப்பானால் அந்தக் குறிப்பு நாலில் ஒன்றாகிவிடும். அனுபவப்பட்டவர்கள் எதை வைத்து இறக்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். நிழல். ஸ்ப்ரெட்டரின் நிழலும் ஸ்ப்ரெட்டரும் நெருங்கி வருவதைப் பார்ப்பார்கள். அடுத்து, எட்டடி அகலக் கண்டெய்னர் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது. அப்புறம் தலையை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டுவார்கள், கிட்டத்தில் உள்ளது வேகமாகவும் எட்டத்தில் உள்ளது மெதுவாகவும் நகரும்.

ஹெட்செட்டில் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தபோது இந்த மூன்றுமே அடிபட்டது. முதலில் வந்த மென்பொருளில் நிழல் சதுரம் சதுரமாக, ஒட்டாமல் விழுந்தது. குனிந்தால் ஹெட்செட்டின் கனம் மூக்கை அழுத்தியது, பையன்கள் தலையை ஆட்டுவதையே விட்டுவிட்டார்கள். கீழ்ப் பார்வை சட்டத்தில் வெட்டுப்பட்டதால், கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்க்க வேண்டிய இடத்துக்கெல்லாம் கழுத்தையே வளைத்தார்கள். எல்லாரும் கண்டெய்னருக்கு நிறைய இடைவெளி இருக்கும்போதே வேகத்தைக் குறைத்தார்கள். "நிதானமானவர்" என்று நானே மார்க் போட்டேன். அப்படி மார்க் வாங்கிய ஒரு பையன் அசல் கேபினில் ஏறி உட்கார்ந்ததும் முற்றிலும் வேறு ஆளாக, சரசரவென்று இறக்கினான், நான்தான் பயந்து நிறுத்தச் சொன்னேன். ஹெட்செட்டில் நான் பார்த்தது அவன் நிதானம் இல்லை, அவனுக்குத் தூரம் சுருங்கித் தெரிந்தது. ஒருவருடைய வேலைக்கு மார்க் போடும் இடத்தில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. இப்போது ஹெட்செட்டை லீவர் பழக்கத்துக்கும் வரிசை முறைக்கும் மட்டும் வைத்துக்கொள்கிறோம். இறக்கும் தூரத்துக்கு அசல் கேபின்தான்.

#15 புதுமுகம்22

ஒரு சின்ன சந்தேகம். எங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு ஆபீசில் வாக்த்ரூ காட்டினார்கள். அம்மா ஹால், கிச்சன், மாடி எல்லாம் டெலிபோர்ட்டில் தாவித் தாவிப் பார்த்தார். வெளியில் வந்ததும் "சாமி ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டால் கையைக் காட்டத் தெரியவில்லை. பேப்பர் பிளானில் விரல் வைத்து டக்கென்று காட்டுகிறவர். வயசாகிவிட்டதாலா?

#16 ஆய்வுக்கூடம்

வயசு இல்லை, தாவல்தான் காரணம். உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், இருபது வயசுப் பிள்ளைகளும் இப்படித்தான் தடுமாறுகிறார்கள்.

நாம் நடக்கும்போது எத்தனை அடி வைத்தோம், எவ்வளவு திரும்பினோம் என்று காலும் காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பும் கணக்கு வைத்துக்கொண்டே வரும். கிளாட்ஸ்கி, லூமிஸ் குழு 1998-இல் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹெட்செட்டில் ஒரு நேர் பாதை, ஒரு திருப்பம், மறுபடி நேர் பாதை. முடிந்ததும் "ஆரம்பித்த இடத்தைப் பார்த்துத் திரும்புங்கள்". உடம்பால் திரும்பினவர்கள் சுமாராகச் சரியாகக் காட்டினார்கள். நின்ற இடத்திலேயே இருந்து படம் மட்டும் திரும்புவதைப் பார்த்தவர்கள், அந்தத் திருப்பமே நடக்காதது போலக் காட்டினார்கள். கண்ணால் பார்த்தார்கள், திருப்பத்தின் கோணமும் தெரியும், ஆனால் திசைக் கணக்கில் அது ஏறவில்லை. டெலிபோர்ட்டில் நடுவில் நகர்கிற காட்சிகூட இல்லை. 1997-லேயே போமன் குழு, இடத்துக்கு இடம் சட்டென்று தாவினால் ஆட்கள் திசை தொலைப்பார்கள் என்று எழுதியிருக்கிறது.

எலிகளில் இன்னும் ஆழமாகப் பார்த்திருக்கிறார்கள். மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் இடத்துக்கு இடம் துடிக்கும் செல்கள் உண்டு, 2014-இல் அதற்கும் அதோடு சேர்ந்த கட்டச் செல்களுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். கலிஃபோர்னியாவில் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் மயங்க் மேத்தா குழு எலியை வி.ஆர். உலகத்தில் ஓட விட்டபோது, நிஜ அறையில் துடித்த அந்தச் செல்களில் 60 சதவீதம் அடங்கிப் போயின. எலிக்கு நடந்தது அப்படியே நமக்கும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. நடக்க விட்டால் கொஞ்சம் ஏமாற்றவும் முடியும். ஸ்டைனிக்கே குழு 2010-இல் அளந்தது: ஹெட்செட்டில் படத்தைத் துளித்துளியாகத் திருப்பி, 22 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் வளைந்து நடக்க வைத்தால்கூட ஆளுக்கு நேராக நடப்பதாகவே தோன்றும்.

#17 செங்கல்சூளை

அந்த 22 மீட்டருக்கு மண்டபம்தான் பிடிக்க வேண்டும். மனையடி சாருக்கு மொட்டை மாடி இருக்கிறதா? சாயங்கால நேரத்தில் மாடியில் சுண்ணாம்பு தூவி 20க்கு 14 போட்டுவிட்டு, அதே இடத்தில் ஹெட்செட் மாட்டி நடக்க விட்டுப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் பக்கம் ஒரு ஆள் நிற்கட்டும், கட்டாயம்.

#18 ஆய்வுக்கூடம்

நல்ல யோசனை. அதோடு இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மினசோட்டாவில் இன்டரான்டே குழு 2006-இல், ஆள் நிற்கும் அதே அறையை அச்சு அசலாக மாடல் செய்து ஹெட்செட்டில் காட்டியது. தூரச் சுருக்கம் ஏறக்குறையக் காணாமல் போனது. அடுத்த ஆய்வில், சொல்லாமல் அந்த மாடலின் சுவர்களை ஒரு பத்து சதவீதம் உள்ளேயோ வெளியேயோ நகர்த்தினார்கள். இரண்டிலும் சுருக்கம் திரும்பி வந்துவிட்டது. அப்புறம், முதலில் தெரிந்த அறையைக் காட்டி அதிலிருந்து கதவு வழியாகப் புது இடத்துக்குப் போகவிட்டால் புது இடத்திலும் தூரம் மேம்படுகிறது என்று 2009-இல் வந்தது. உங்கள் ஆபீசையே மாடல் பண்ணி, அதன் கதவைத் திறந்தால் புது வீட்டின் வாசல் வருகிற மாதிரி செய்ய முடியுமா?

#19 மனையடி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், செய்து பார்த்துவிட்டு எழுத நினைத்தேன்.

ஆபீசை மாடல் பண்ணினோம். நீலப் பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் கேன், காலண்டர் உட்பட. என் மனைவி, ஆபீஸ் பையன், எங்கள் மேஸ்திரி மூன்று பேர். மாடியில் சுண்ணாம்பு மார்க், ஹெட்செட் போட்ட பிறகு மார்க் அவர்களுக்குத் தெரியாது.

முதலில் பழைய மாதிரியே: நாற்காலி, ஐந்தரை அடிக் கேமரா, 67 இடைவெளி. எதிர்ச்சுவர் எவ்வளவு என்றால் 14, 15, 16 என்றார்கள். மேஸ்திரிதான் 16. அடுத்து லென்ஸை ஆளுக்கு ஆள் திருகினேன் (மனைவிக்கு 59, எட்டு மில்லிமீட்டர் தப்பில் இரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறார், "இப்பத்தான் தெளிவா இருக்கு" என்றார், எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை). எழுந்து நிற்க வைத்து, கேமராவை அவரவர் கண் உயரத்துக்கு விட்டு, ஆபீஸ் மாடலில் ஒரு நிமிடம் உலாவ விட்டு, கதவு வழியாக ஹாலுக்குள். திரையை அணைத்துவிட்டு எதிர்ச்சுவர் வரைக்கும் நடக்கச் சொன்னேன், பக்கத்திலேயே நான். மனைவி பதினேழரை அடியில் நின்றார். பையன் 18. மேஸ்திரி பத்தொன்பதுக்கு அரை அடி முன்னால். அவர் வழியிலேயே கையை நீட்டிச் சுவரைத் தேடினார், அதைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது.

முழுசாகச் சரியாகவில்லை. மூன்று பேர், ஒரே சாயங்காலம், இதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் என்னால் சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்யாமலே இருந்திருக்கிறேன்.

இனிமேல் டெலிபோர்ட் கிடையாது. மாடியில் அறைக்கு அறை நடந்துதான் பார்க்க வேண்டும், வீடு மாடியைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டு பகுதியாகப் பிரித்துக்கொள்கிறோம். வெளிநாட்டு சோபாவை எடுத்துவிட்டேன். வருகிறவர் வீட்டுக் கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் மூன்றையும் முன்னாடியே அளந்துகொண்டு வந்து மாடலில் வைக்கிறோம்.

#20 பாவை

அக்காவுக்கு 59 என்றால் உங்கள் அலுவலகத்தில் ஒரு அட்டையில் ஆளுக்கு ஆள் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த தடவை திருக மறக்காது. குழந்தைகளுக்கு இடைவெளி இன்னும் குறைவு, சக்கரம் அவ்வளவு கீழே இறங்காது, அவர்களுக்குக் காட்டாமல் இருப்பதே நல்லது.

#21 செங்கல்சூளை

அந்தக் கிச்சன் வீட்டுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

#22 மனையடி

போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். தப்பு என் பக்கம்தான் என்றும் சொன்னேன். ஃப்ரிட்ஜுக்கு எதிர்ப்பக்க மேடையை இரண்டடியிலிருந்து ஒன்றேகாலாக வெட்டிவிட்டால் நடுவில் மூன்றே கால் கிடைக்கும், கிரானைட்டும் கூலியும் என் செலவு. அந்தப் பக்கம் அடுப்பு இல்லை, மிக்ஸியும் டப்பாக்களும்தான், அதனால் முடியும். அந்த அம்மா வெட்டுவதற்கு முன்னால் அட்டை வைத்து மறைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை மேஸ்திரியோடு போகிறேன், அட்டையும் டேப்பும் எடுத்துக்கொண்டு.